கழுத்துக் கழலையும் கர்ப்பகால மூச்சுத்திணறலும்

எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று வந்து நிற்கிறார்கள். "படுத்தா மூச்சு முட்டுது டாக்டர், சாஞ்சு உட்கார்ந்துதான் தூங்குறேன்." கழுத்தில் கழலை. எத்தனை நாளாக என்று கேட்டால் மாமியார்தான் பதில் சொல்கிறார்: "கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குங்க. மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தானே செய்யும்?"

எது சகஜம், எது ஆபத்து

மாடிப்படி ஏறினால் இரைப்பதும், உட்கார்ந்தால் தணிவதும் சகஜம். மூச்சை இழுக்கும்போது கர்ரென்று சத்தம், மல்லாந்து படுக்க முடியாமை, குரல் கம்முதல், சோறு தொண்டையில் நிற்பது இவையெல்லாம் சகஜமல்ல. இரு கைகளையும் காதை ஒட்டித் தூக்கச் சொல்வோம். சற்று நேரத்தில் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தால், கழலை மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கி நெருக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். வெளியே சிறிதாகத் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். கட்டிக்குள் ரத்தம் கசிந்தால் சில மணி நேரத்திலேயே மூச்சு அடைக்கும்.

இந்துப்பு, பற்று, பாதியில் நிறுத்திய மாத்திரை

கர்ப்பத்தில் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாகச் சுரந்தாக வேண்டும். அதற்கான அயோடின் தேவை நாளுக்கு 250 மைக்ரோகிராம். அது கிடைக்காதபோது சுரப்பி வீங்கிக் கழலையாகிறது. இந்த நேரம் பார்த்து, 'இயற்கை' என்று சொல்லி வீடு வீடாக இந்துப்புக்கு மாறுகிறார்கள். அயோடின் சேர்க்காத இந்துப்பு இந்தத் தேவையைத் தீர்க்காது. இன்னொரு பக்கம், கடற்பாசி மாத்திரையை அளவில்லாமல் விழுங்குகிறார்கள். மிதமிஞ்சிய அயோடின் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கே கழலையை உண்டாக்கும்.

கழுத்தில் சுண்ணாம்புப் பற்று போட்டுத் தோல் வெந்து வருபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. மூச்சுக்குழாய் நசுங்கும் இடத்துக்குப் பற்று எப்படிப் போய்ச் சேரும்? முட்டைக்கோஸ் சாப்பிடுவதை விட்டாலும் கட்டி கரையாது. எல்லாவற்றையும்விடக் கோபம் வருவது, 'குழந்தைக்கு ஆகாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு தைராக்சினை நிறுத்துவதில்தான். தைராய்டு குறைவுக்குத் தரும் அந்த மாத்திரை குழந்தையின் மூளை வளர்ச்சிக்கே தேவை. கர்ப்பத்தில் பெரும்பாலும் அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

பரிசோதனை

கழலை இருந்தால், தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள்.

சீக்கிரம் வாருங்கள்

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதத்துக்குள் செய்வதே பாதுகாப்பு. பிரசவ வலியோடு வந்தால், மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் இறக்குவதே கத்திமேல் நடப்பதாகிவிடும். தாய்மார்களே, கெஞ்சிக் கேட்கிறேன்: முதல் செக்கப்பிலேயே துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டுங்கள். மயக்க மருந்து டாக்டரிடம் கழலை இருப்பதை நீங்களே சொல்லுங்கள். மூச்சில் சத்தம் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை படுக்காமல் உட்கார்ந்தே இருங்கள்.