நீர்வழியே உயிர்வழி

புழல் ஏரியின் உபரிநீர் திறக்கப்படும்போதெல்லாம் எச்சரிக்கைப் பட்டியலில் சடையங்குப்பம் இடம்பெறுகிறது. மணலி ஆலைகளுக்கும் திருவொற்றியூர்க் குடியிருப்புகளுக்கும் நடுவே எஞ்சியுள்ள இத்தாழ்நிலங்களைக் கடந்தே வெள்ளம் எண்ணூர் முகத்துவாரத்தை அடைகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துடன் மணலியிலிருந்து எண்ணெய்க் கழிவும் வந்தது. மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்த அக்கழிவு கூழைக்கடாக்களின் இறகுகளையும் விட்டுவைக்கவில்லை. மனிதருக்கும் பறவைக்கும் இங்கு நீர்வழி ஒன்றே என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கால்வாய், சதுப்பு, அலையாத்திக் காடு ஆகியவை தொடர்ச்சியாக இருந்தால்தான் அது உயிர்வழி. இடையில் ஓரிடத்தில் மண்கொட்டி மேடாக்கினாலும் வெள்ளம் ஊருக்குள் திரும்பும். மீன்குஞ்சுகளின் பாதையும் அடைபடும்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் இவ்வழி முழுவதும் கட்டுமானத்துக்கு இடமில்லாத ஒரே திறந்தவெளியாக வரையறுக்கப்பட வேண்டும்.