குழாய் வந்துவிட்டது, குடிநீருக்கு யார் பொறுப்பு?

ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 55 லிட்டர் குடிநீர் என்பது அதன் இலக்கு. கிராமங்களில் வீட்டு வாசலுக்குக் குழாய் வந்துவிட்டது. ஆனால் குழாயில் வெறும் காற்று வந்தாலோ கலங்கல் வந்தாலோ யாரைக் கேட்பது? தொட்டி ஆபரேட்டர் ஊராட்சியைக் கைகாட்டுவார். ஊராட்சி குடிநீர் வாரியத்தைக் கைகாட்டும்.

பொறுப்பு யாருக்கு?

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீரைச் சுத்திகரித்து ஊர்த் தொட்டிவரை கொண்டுவருவது பொதுவாகத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. தொட்டியைக் கழுவுவது, குளோரின் கலப்பது, தெருக்குழாய் உடைப்பை அடைப்பது ஊராட்சியின் வேலை. குடிநீர் வழங்குவது ஊராட்சியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். தலைவர் பதவியில் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பதில் சொல்ல வேண்டும். மாசற்ற நீர் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பொதுக்குழாயில் பட்டியலினத்தவரைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஆபத்து எங்கே?

தண்ணீர் விடும் நேரத்தில் சிலர் வீட்டு இணைப்பில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். அப்போது குழாயில் அழுத்தம் குறையும். சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் விரிசல் இருந்தால் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். கடைக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் குறைவதோடு நோயும் போய்ச் சேரும்.

இதற்குக் காப்பு குளோரின். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து குளோரின் சோதனை மருந்தைச் சில சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் காட்டும். நிறமே மாறவில்லை என்றால் குளோரின் இல்லை.

ஃபுளோரைடு வேறு கதை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லும் எலும்பும் கெடும். கொதிக்க வைத்தாலும் போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் திட்டம் வந்தது இதனால்தான்.

கிராம சபையில் என்ன கேட்கலாம்?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். மூன்றைக் கேளுங்கள்:

1. தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி. அது தொட்டியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மேல்மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தொட்டிக்குள் மலம் கலக்கப்பட்டதை மறக்கக் கூடாது.

2. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை.

3. குடிநீர்க் கணக்கு: வசூலான கட்டணம், மின் கட்டணம், ஆபரேட்டர் சம்பளம், மோட்டார் ரிப்பேர்.

மூன்றாவதுதான் முக்கியம். குழாய் பதிக்கத் திட்டப் பணம் வரும். எரிந்த மோட்டாரை மாற்ற ஊராட்சிக் கையிருப்பைத்தான் பார்க்க வேண்டும். கணக்கு திறந்திருந்தால் கட்டணம் கட்ட மக்களும் தயங்க மாட்டார்கள். சீர்திருத்தம் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

பதில் இல்லையென்றால்?

வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் இரண்டையும் பயன்படுத்தலாம். ஆவணம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபையில் பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஏட்டில் ஏறினால்தான் அடுத்த கூட்டத்தில் அதற்குக் கணக்குக் கேட்க முடியும்.