பையில் 14 மட்டை. கடையில் எவ்வளவு சரக்கு?

கோல்ஃப் விளையாட்டுக்கும் நமது மளிகைக் கடைக்கும் என்ன தொடர்பு என்று தாங்கள் கேட்கலாம். விளையாட்டோடு நமக்குத் தொடர்பு இல்லைதான். ஆனால் அந்த மட்டைகளை விற்ற அமெரிக்கக் கடைக்காரர்கள் பட்ட பாட்டில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

கோல்ஃப் ஆடுபவர் தமது பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 1938-ல் வந்த விதி இது. இந்த 14 மட்டைகளையும் யாரும் ஒரே நேரத்தில் மாற்றுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆயுள்.

மணலிலும் புல்லிலும் அடித்தெடுக்கும் மட்டைக்கு ‘வெட்ஜ்’ என்று பெயர். அதன் முகத்தில் கோடு கோடாகப் பள்ளங்கள் இருக்கும். அவை தேய்ந்தால், கொத்தாத அம்மி போல் வேலை செய்யாது. பந்து சுழன்று நிற்காமல் ஓடிவிடும். அடிக்கடி ஆடுபவர் இதைத்தான் முதலில் மாற்றுவார். ‘அயர்ன்’ மட்டைகள் பல ஆண்டுகள் உழைக்கும். பந்தைக் குழியில் தள்ளும் ‘பட்டர்’ (நாம் விற்கும் வெண்ணெய் அல்ல) தேய்வதே அரிது. டைகர் உட்ஸ் வென்ற 15 பெரும் போட்டிகளில் 14-ல் அவர் பிடித்திருந்தது ஒரே பட்டர்தான்!

நெடுந்தூரம் அடிக்கும் ‘டிரைவர்’ மட்டையின் கதை வேறு. அது தேய்ந்து மாற்றப்படுவதில்லை, ஆசையால் மாற்றப்படுகிறது. இன்னும் பத்தடி கூடப் போகாதா என்ற ஆசை! உற்பத்தியாளர்கள் இந்த ஆசையைத்தான் நம்பினார்கள். ஆனால் மட்டைத் தலையின் அளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2004-ல் விதி வந்துவிட்டது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு பெரிய வித்தியாசம் காட்ட முடியவில்லை.

ஆயினும் டெய்லர்மேட் நிறுவனம் 2013-ல் மட்டும் ஆர்1, ஆர்பிஇசட் ஸ்டேஜ் 2, எஸ்எல்டிஆர் என்று அடுத்தடுத்து டிரைவர்களை இறக்கியது. புதியது வந்ததும் பழையதன் விலை சரிந்தது. வாங்குபவர் என்ன செய்வார்? ‘சில மாதம் பொறுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும்’ என்று காத்திருந்தார். சரக்கு கடையில் தேங்கியது.

2014-ல் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் என்ற பெரிய கடைத்தொகுதி, கோல்ஃப் பிரிவில் நூற்றுக்கணக்கான ஊழியர்களை நீக்கியது. 2016-ல் நைக் நிறுவனம் மட்டைத் தயாரிப்பையே நிறுத்தியது. அதே ஆண்டில் கோல்ஃப்ஸ்மித் கடைகள் திவால் மனு கொடுத்தன. ஆடுவோர் தொகை குறைந்ததும் கடன் சுமையும் இதற்குக் காரணங்கள்தாம். தேங்கிய சரக்கு அந்தச் சுமையைக் கூட்டியது.

இதே நிலை நம் கடைகளிலும் உண்டு. புதுப் பெயரில் சோப்பு, புது உறையில் பிஸ்கட், ‘பத்துப் பெட்டி எடுத்தால் ஒன்று இலவசம்’ என்று விற்பனைப் பிரதிநிதி வருகிறார். ஆசை காட்டுவது அவர் தொழில். கணக்குப் பார்ப்பது நம் தொழில்.

ரூ.10,000 சரக்கு 5 மாதம் தேங்கினால், மாதம் 2 வட்டி வீதம் ரூ.1,000 போகிறது. லாபம் 8 சதவீதம் என்றால் கிடைப்பது ரூ.800. விற்று முடித்த பின்னும் ரூ.200 கைநட்டம்!

எனவே சரக்குகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தீர்ந்ததால் வாங்குபவை, தேய்ந்ததால் வாங்குபவை, ஆசையால் வாங்குபவை. அரிசி, பருப்பு, எண்ணெய் முதல் வகை. அவற்றில் முதல் முடங்காது. துடைப்பம், குக்கர் வளையம் இரண்டாம் வகை, அளவாக வையுங்கள். மூன்றாம் வகையில் ஒரு பெட்டிக்கு மேல் எடுக்க வேண்டாம். விலை குறைந்தால் வித்தியாசம் தருவதாகவும், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கம்பெனி எப்போது புதுச் சரக்கு இறக்குகிறது என்பதைப் பார்த்துக் கொள்முதல் செய்யாதீர்கள். நம் வாடிக்கையாளர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வாங்குகிறார் என்பதை நம் பேரேட்டில் பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள்!