டிராக்டர் இன்ஜினில் ‘டக் டக்’ சத்தமா? பேரிங் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது எப்படி?

திருவண்ணாமலை, செங்கம், போளூர் பக்கம் ஆடி மழை நனைத்ததும் மானாவாரி நிலத்தில் மல்லாட்டை விதைப்பு தொடங்கிவிடும். மண்ணில் ஈரம் நிற்பது சில நாள்தான். அந்த நேரம் பார்த்து மினி டிராக்டர் இன்ஜினில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால்? ‘இந்த ரெண்டு ஏக்கரை முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்’ என்று ஓட்டத் தோன்றும். அது பேரிங் சத்தமாக இருந்தால், சின்னச் செலவு பெரிய செலவாக மாறுவது அந்த ரெண்டு ஏக்கரில்தான்.

தேய்வது எது?

சக்கரத்தில் இருக்கும் குண்டு பேரிங் அல்ல இது. கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றி, இரண்டு பாதியாக உட்காரும் மெல்லிய உலோக ஓடு. அடியில் இரும்பு, மேலே செம்பு அல்லது அலுமினியக் கலவை. பலவற்றில் அதற்கும் மேல் மெல்லிய மென்பூச்சு. ஷாஃப்ட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஆயில் படலம் இருக்கும். 40 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு அந்த இடைவெளி சுமார் 0.04 மி.மீ.; தலைமுடியைவிட மெல்லியது. ஆயில் குறைந்தாலோ, பழையதானாலோ, புழுதி கலந்தாலோ அந்தப் படலம் கிழியும். உலோகத்தோடு உலோகம் உரசும்.

எப்படித் தெரியும்?

பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி: ‘சூடானதும் சத்தம் கூடுதா, குறையுதா?’

* சூடானதும் குறைந்தால், பிஸ்டன் சத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.
* சூடான பிறகும் நின்று, ஆக்சிலேட்டரைச் சட்டென்று கூட்டிக் குறைக்கும்போது ‘டக் டக்’ என்று கேட்டால் கனெக்டிங் ராட் பேரிங் மீது சந்தேகம்.
* சுமை இழுக்கும்போது கனமாக, அடியிலிருந்து இடிப்பது போல வந்தால் மெயின் பேரிங்.
* லேசான ‘டிக் டிக்’ என்றால் டேப்பட்டை முதலில் பாருங்கள்.

சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் பிரஷர் லைட் எரிகிறதா? இடைவெளி கூடிவிட்டால் ஆயில் அந்த வழியே வழிந்து பிரஷர் இறங்கும். ஆனால் சென்சார் கெட்டாலும் லைட் எரியும். தனி கேஜ் மாட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடித்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாமல் மினுங்கினால், பேரிங் உலோகம் உதிர்கிறது என்று சந்தேகிக்கலாம்.

சரிசெய்வது எப்படி?

சம்ப்பைக் கழற்றி, ராட் கேப்பில் அடையாளம் போட்ட பிறகே பிரிக்க வேண்டும். ஒரு ராட்டின் கேப் இன்னொன்றுக்குச் சேராது. திருப்பிப் போட்டாலும் தவறுதான். ஓட்டில் செம்பு நிறம் வெளியே தெரிந்தால் மென்பூச்சு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

புது ஓடு மாட்டினால் போதுமா? ஷாஃப்ட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. நகத்தால் தடவி, கோடு தட்டினால் லேத்தில் கொடுத்து கிரைண்டிங் செய்ய வேண்டும். கண்ணுக்கு வழவழப்பாக இருந்தாலும் மைக்ரோமீட்டரில் பல இடத்தில் அளந்து, வட்டம் கோணியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 0.25 மி.மீ. குறைத்தால் அதற்குரிய 0.25 ‘அண்டர்சைஸ்’ பேரிங்தான் மாட்ட வேண்டும். பிறகு ஆயில் துளைகளைச் சுத்தமாகக் கழுவி, ஓட்டில் ஆயில் தடவி, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும்.

ஓட்டுக்கு அடியில் தகடு வைப்பது, கேப்பை அரம் போட்டுத் தேய்ப்பது போன்ற குறுக்குவழிகள் வேண்டாம். சத்தம் சில நாள் அடங்கலாம். ஆனால் ஓடு சுழன்று ஷாஃப்ட்டைக் கடித்தால் ராட் உடைந்து பிளாக்கையே துளைக்கலாம்.

சில சின்ன பெட்ரோல் இன்ஜின்களில் தனி ஓடே இருக்காது. அலுமினிய ராட் நேராக ஷாஃப்ட்டில் ஓடும். அங்கே ராட்டையே மாற்ற வேண்டும்.

மறுபடி வராமல் இருக்க?

காரணத்தைச் சரிசெய்யாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் அதே பழுது திரும்பும். ஆயில் பம்ப், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். இன்ஜெக்டர் ஒழுகி ஆயிலில் டீசல் கலந்தாலும் ஆயில் நீர்த்துவிடும். செம்மண் புழுதியில் உழும் நாட்களில் ஏர் ஃபில்டரைத் தினமும் பார்ப்பது அவசியம்.

விதைப்பு காத்திருக்காதே என்பது நியாயமான கவலை. வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் வேளாண்மைப் பொறியியல் துறையிடம் டிராக்டரை வாடகைக்குக் கேட்கலாம். உழவன் செயலியிலும் வழி உண்டு. சத்தம் கேட்டதும் சாவியைத் திருப்பி நிறுத்தினால், பல நேரம் ஓடு மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.