அடுத்த அறையில் யார்?

சென்னை நகரத்தில் எத்தனையோ பேட்டைகள் உண்டு. ஆயினும் திருவல்லிக்கேணிக்கு உள்ள மணம் வேறெதற்கும் கிடையாது. பார்த்தசாரதி ஸ்வாமி சந்நிதியின் துளசி மணமும், கடற்காற்றின் உப்பு மணமும், மெஸ்களிலிருந்து கிளம்பி வரும் சாம்பார் மணமும் சேர்ந்தது அது. இந்த மூன்று மணங்களுக்கும் நடுவே, 'மேன்ஷன்' என்று பெயர் பூண்ட கட்டடங்கள் சந்துக்குச் சந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு மாளிகை என்று பொருள். இந்த மாளிகைகளில் ஒருவருக்குக் கிடைப்பதோ ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு, தலைக்கு மேலே கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்ச்சி மிகுந்தவராயிருக்க வேண்டும்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தகைய மாளிகை ஒன்றுக்குப் போக வேண்டியதாயிற்று. தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு தாயார், தம் மகனிடம் சேர்ப்பிக்கும்படி ஒரு டப்பா முறுக்கையும் பருப்புப் பொடியையும் நம்மிடம் ஒப்புவித்திருந்தார். மகனுக்கு வயது 24. எஞ்சினீயரிங் பட்டம் பெற்றவன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த முறையில் வேலை. இரவில் சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படிப்பு. ஆக, அவனுக்கு இரண்டு வாழ்க்கைகள். இரண்டும் இன்னும் ஆரம்பமாகவில்லை என்பதுதான் அவன் எண்ணம்.

"எப்படி இருக்கிறாய், தம்பி?" என்று கேட்டதுதான் தாமதம், அணை உடைந்தது. காலை ஐந்தரை மணிக்கே குளியலறை வாசலில் வாளிகள் வரிசையில் நிற்கின்றன. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒற்றைக் காலில் தவம். மேலதிகாரி, செய்ததைப் பாராட்டுவதில்லை, செய்யாததை மறப்பதில்லை. பரீட்சை விண்ணப்பத்தை நள்ளிரவுக்குள் அனுப்பியாக வேண்டுமென்றால், பதினொன்றரை மணிக்கு ஓ.டி.பி. வராமல் இயந்திரம் மௌன விரதம் பூணுகிறது. சலவைக்குப் போட்ட சட்டை ஒன்று பொத்தானில்லாமல் திரும்பி வருகிறது. இன்னொன்று திரும்பி வருவதேயில்லை.

நாம் சிரித்துவிட்டோம். "இவையெல்லாம் ஒரு கஷ்டமா, தம்பி? கொசுக்கடி!" என்றோம். அவன் சிரிக்கவில்லை. சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"போன மாதம் மூன்று நாள் ஜுரமாகப் படுத்திருந்தேன், மாமா. நான்காம் நாள் மெஸ்ஸுக்குப் போனேன். பரிமாறுகிறவர், 'என்ன தம்பி, ஊருக்குப் போயிருந்தீர்களா?' என்று கேட்டார். அவ்வளவுதான். இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த மூன்று நாளில் நான் இல்லை என்பதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான்."

"வீட்டுக்குச் சொல்லவில்லையா?"

"அம்மா தினமும் ஒன்பது மணிக்குப் பேசுவார்கள். 'சாப்பிட்டாயா?' என்பார்கள். 'சாப்பிட்டேன்' என்பேன். ஜுரம் என்று சொன்னால் அன்றிரவே பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களுக்கு முழங்கால் வலி. அதை அவர்களும் என்னிடம் சொல்வதில்லை. தங்கைதான் சொன்னாள்."

"அடுத்த அறையில் யார் இருக்கிறார்கள்?"

"தெரியாது, மாமா."

அவன் அங்கே குடிவந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன.

கொசுக்கடி என்று நாம் சொன்னதை அப்போதே திரும்பப் பெற்றுக்கொண்டோம். பொத்தானில்லாத சட்டையும் வராத பஸ்ஸும் யாருடைய வாழ்விலும் உள்ளவைதாம். நமக்கு நேரும்போது வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்கிறோம். கேட்பவர் "அட, பாவமே!" என்கிறார்; அல்லது தமக்கு நேர்ந்த அதைவிடப் பெரிய சங்கடத்தைச் சொல்கிறார். இரண்டில் எது நடந்தாலும் நம் சங்கடம் பாதியாகிவிடுகிறது. சொல்வதற்கு ஆளில்லாதவனுக்கோ அது உள்ளேயே தங்கிவிடுகிறது. நாளைய சங்கடம் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்குச் சாட்சியாக அதே திருவல்லிக்கேணிவாசி ஒருவரையே அழைக்கலாம். அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்தவர் அவர். 1912-ஆம் வருஷம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாய்ச் சேர்ந்தவர். 1914-இல் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்ற கணித மேதை ராமானுஜன்தான். அங்கே அவர் தாமே சமைத்து உண்டார். ஒரு நாள் நண்பர் ஒருவரையும் இரண்டு பெண்மணிகளையும் விருந்துக்கு அழைத்தார். ரஸம் பரிமாறினார், மறுபடியும் பரிமாறினார். மூன்றாம் முறை கொண்டுவந்தபோது பெண்மணிகள் போதுமென்று சொல்லிவிட்டார்கள். விருந்தளித்தவர் சத்தமில்லாமல் வெளியே போனார், திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து, ஐந்து பவுன் அனுப்பும்படி அந்த நண்பருக்குத் தந்தி வந்தது. பின்னர், தாம் அன்போடு படைத்ததை அவர்கள் மறுத்தது தம்மை அவமதித்ததாய்ப் பட்டது என்று ராமானுஜனே சொன்னாராம்.

எண்களின் உலகத்தில் அவரைவிட விரிந்த உள்ளம் படைத்தவர் எவர்? ஆயினும் ஒரு கரண்டி ரஸம் அவரை ஊரைவிட்டே ஓட்டியது. அதே ரஸத்தைத் திருவல்லிக்கேணியில் ஒருவர் மறுத்திருந்தால், "வயிறு சரியில்லை போலிருக்கிறது" என்று தாயார் சொல்லியிருப்பார். விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். கடல் கடந்த தனிமையில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆளில்லை.

"எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் மனம் தளர்ந்தோமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இந்தக் காலத்து வாலிபர்களுக்கு நெஞ்சுரம் போதாது என்று தீர்ப்பும் கூறிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ஆம் வருஷம் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துவதாகக் கூறுகிறது. கிழவர்களைப் போலவே, ஏன், சில இடங்களில் அவர்களை விடவும் அதிகமாக, இளைஞர்களே அதில் அகப்பட்டிருக்கிறார்கள். பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் இதைக் கவனிப்பதற்கென்றே மந்திரிகளை நியமித்தன. செல்வமும் இயந்திரமும் மிகுந்த தேசங்களுக்கே இந்தக் கதி என்றால், நம் தென்காசிப் பையனின் நெஞ்சுரத்தைக் குறை சொல்வது நியாயமாகுமா?

முன்னாளில் பட்டணத்துக்குத் தனியே வந்த வாலிபர்களுக்கு என்ன இருந்தது? எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியார் 1904-இல் சுதேசமித்திரனில் வேலைக்கு வந்தபோது அவருக்கு 22 வயது நிரம்பியிருக்கவில்லை. 1907-இல் வங்காளத்து விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியபோது, குமாஸ்தாக்களும் மாணவர்களும் திரள்திரளாக மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் தேச பக்திக்காகப் போனார்கள் என்பது சரித்திரம். பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேசிக்கொண்டே வீடு திரும்பினார்கள் என்பது சரித்திரம் எழுதாதது. ஆனால் யாரும் ஊகிக்கக்கூடியது. பாரதியார் பட்டணம் வந்த அதே 1904-இல் திருவல்லிக்கேணிவாசிகள் சிலர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினார்கள். அரிசியும் பருப்பும் நியாய விலைக்குக் கிடைக்கவேண்டுமென்பது நோக்கம். விலைவாசி என்னும் அன்றாடச் சங்கடத்தை அவரவர் வீட்டில் முணுமுணுக்காமல், எல்லோருமாகச் சேர்ந்து முணுமுணுத்தார்கள். அதிலிருந்து ஒரு சங்கம் பிறந்தது.

அந்தப் பழைய நாட்களை நாம் பொன்னாக்கிக் காட்ட விரும்பவில்லை. அப்போது ஒருவன் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை அவன் பிறந்த ஜாதி தீர்மானித்தது. ஒரு பெண் தனியே வந்து அறை எடுத்துத் தங்கி உத்தியோகம் பார்ப்பதென்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். கிராமத்துத் திண்ணை ஆறுதல் சொன்னது உண்மை. குறுக்கு விசாரணை செய்ததும் உண்மை. "என்ன சம்பளம்? ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை?" என்ற கேள்விகளுக்குத் தப்பியே சிலர் பட்டணத்துக்கு வருகிறார்கள். யாரும் எதுவும் கேட்காத ஓர் அறை அவர்களுக்கு முதலில் சுவர்க்கமாகத்தான் இருக்கிறது. சில மாதங்கள் சென்ற பிறகே, யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதன் மறுபக்கம் தெரிய வருகிறது. பெண்களின் விடுதிகளிலும் இதே கதைதான். அங்கே இரவு குறித்த மணிக்கு வாயிற் கதவு வேறு சாத்தப்படுகிறது.

இன்று வாலிபர்கள் கூடும் இடங்கள் இல்லாமற் போகவில்லை. 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூல்நிலையத்திலும், 2010-இல் கோட்டூர்புரத்தில் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் போய்ப் பாருங்கள். பரீட்சைக்குப் படிப்போர் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தோளோடு தோள் இடிக்கிறது, ஆனால் பேச்சில்லை. பக்கத்தில் இருப்பவனும் அதே உத்தியோகத்துக்குப் போட்டியிடுகிறவன் அல்லவா? வெளியே வந்தால் கையிலுள்ள தொலைபேசி, கூடப் படித்தவர்களின் கல்யாணத்தையும் ஊட்டிப் பயணத்தையும் காட்டுகிறது. அவர்கள் வாளி வரிசையில் நிற்கும் படத்தை அது காட்டுவதில்லை.

ஆகவே, நம் நேயர்களான தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும் ஒரு விண்ணப்பம். பட்டணத்திலிருக்கும் பிள்ளையோடும் பெண்ணோடும் பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள், அது நம் நாட்டின் அன்பு மொழி. அதோடு "யாரோடு சாப்பிட்டாய்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் முழங்கால் வலியையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போதுதான் அவர்களும் ஜுரத்தைச் சொல்வார்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, வாழ்வே வேண்டாமென்ற பேச்சு வருமானால், அதைக் கோழைத்தனமென்று அதட்டாதீர்கள். ஜுரத்துக்கு வைத்தியரை நாடுவது போலவே அதற்கும் நாடுங்கள். இந்திய சர்க்கார் 2022-இல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கிடைக்கிறது.

வாலிபர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இன்னும் சிறியது. அதை அன்று மாலையே பரீட்சை செய்து பார்த்தோம்.

"முறுக்கு டப்பாவை எடு, வா" என்று பையனை அழைத்துக்கொண்டு போய் அடுத்த அறைக் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்தவர் தருமபுரிக்காரர். ஒன்றரை வருஷமாக அங்கே இருக்கிறாராம். முறுக்கைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். பேச்சு வாளி வரிசையில் ஆரம்பித்து, சலவைக்காரரின் திருவிளையாடல்களைத் தொட்டு, ஜுரத்தில் வந்து நின்றது.

"அன்றிரவு நீங்கள் இருமுவது கேட்டது. என்னிடம் மாத்திரை இருந்தது. கதவைத் தட்டலாமா என்று எழுந்தேன். தொந்தரவாக நினைத்துக்கொள்வீர்களோ என்று மறுபடி படுத்துவிட்டேன்" என்றார் அவர்.

இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. நாமும் பேசவில்லை. நடுவே இருந்தது ஒரு செங்கல் சுவர். இருமல் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. மாத்திரை தாண்டி வரவில்லை.

1947-இல் இந்தத் தேசம் விடுதலை பெற்றதற்காக நாம் பெருமைப்படுகிறோம். தேசம் என்பது கொடியிலும் வரைபடத்திலும் மட்டும் இல்லை. தென்காசியும் தருமபுரியும் ஒரே சுவரின் இரு புறத்திலும் படுத்துக்கொண்டு, ஒன்றின் பெயர் மற்றொன்றுக்குத் தெரியாமலிருக்குமானால், தேசத்தை ஒன்றாக்கும் வேலை அந்த வராந்தாவில் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குச் சட்டமும் மாநாடும் வேண்டியதில்லை. கதவில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

பையனின் தாயாரிடமிருந்து மறுவாரம் செய்தி வந்தது. டப்பா அன்றிரவே காலியாகிவிட்டதாம். அடுத்த முறை இரண்டு டப்பா அனுப்ப வேண்டுமென்று மகன் எழுதியிருக்கிறானாம்.