ஊசிக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு

அரையாண்டு விடுமுறைக்கான சுற்றுலாப் பட்டியலைப் பள்ளிகள் முடிக்க வேண்டிய வாரம் இது. அல்லிநகரம், பழனிசெட்டிபட்டி, போடியிலிருந்து எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் பாதியில் ஒரே கேள்விதான்: கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்தை வழிகாட்டியோடு பார்ப்பதா, நாமே சுற்றிப் பார்ப்பதா?

2018 மார்ச்சில் அதைத் திறந்தபோது ‘நாட்டிலேயே முதல்’ என்றார்கள். ஆனால் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பூச்சிகளுக்கென்று கூடம் இருக்கிறது. ஷில்லாங்கில் ஒரு தனியார் வண்ணத்துப்பூச்சி அருங்காட்சியகம் இதைவிட மூத்தது. ‘வழிகாட்டி’ என்ற சொல்லையும் தட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் அது பெரும்பாலும் தனி வேலை இல்லை. அன்றைக்குக் கை ஒழிந்த ஆராய்ச்சி மாணவரோ துறைப் பணியாளரோ வருவார். நன்றாகப் பேசுகிறவர் அமைந்தால் பிள்ளைகளுக்கு யோகம்.

என் யோசனை: முதல் சுற்று வழிகாட்டியோடு, இரண்டாம் சுற்று தனியாக. தனியாகப் போகும்போது ஊசியை மட்டும் பாருங்கள்.

பூச்சியியல் முறைப்படி வண்டுக்கு ஊசி நடு முதுகில் இறங்காது, வலப்பக்க இறக்கை ஓட்டில் இறங்கும். வண்டுக்கு இடமும் வலமும் ஒரே அச்சு. வலப்பக்கம் ஓட்டையானாலும் இடப்பக்கம் பழுதில்லாமல் நிற்கும், அதை வைத்து இனம் சொல்லிவிடலாம். பட்டாம்பூச்சிக்கு நெஞ்சின் நடுவில். கடுகளவு பூச்சியைக் குத்த முடியாது. முக்கோண அட்டையின் நுனியில் பசை தொட்டு ஒட்டி, அட்டையைக் குத்துவார்கள். அதே ஊசியில், பூச்சிக்குக் கீழே நகத்தளவு சீட்டு: எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது, எந்தச் செடியில். இந்தச் சீட்டு தொலைந்தால் பூச்சி வெறும் கொலு பொம்மை.

சீட்டோடு வைத்த பழைய மாதிரி எதற்கு உதவும் என்பதற்கு ஒரு கதை. 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி என்று கண்டதையெல்லாம் வெள்ளையாக அப்பியது. மருந்தடித்து ஓய்ந்த பிறகு, 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள். கண்ணுக்கு லேசில் தட்டுப்படாத குளவி, மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. ஆனால் மாவுப்பூச்சியில் பல இனம். வந்திருப்பது எது என்று பெயர் தெரியாமல் எந்தக் குளவியைக் கேட்பது? மாவுப்பூச்சியைக் கண்ணாடிச் சில்லில் பதித்து நுண்ணோக்கியில் பார்த்து, பழைய மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்ல முடியும். அந்தச் சில்லின் ஓரத்திலும் அதே துண்டுச் சீட்டு.

எனக்கு உறுத்துவது இங்கேதான். ஒப்பிடுவதற்கென்று வைக்கும் மாதிரிகள் பார்வையாளர் கூடத்துக்கு வருவதில்லை. மூடிய பெட்டிகளில் நாப்தலீன் வாசத்தோடு கிடக்கும். ‘பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது’ என்றால் முன்கூடம் திறந்திருக்கிறது என்று பொருள். வழிகாட்டியோடு போனாலும் தனியாகப் போனாலும் அந்தப் பெட்டி திறக்காது. நம் கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில், போடிமெட்டு ஏலக்காட்டில் என்ன பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. போகும் முன்பே பூச்சியியல் துறைக்கு, “எங்கள் ஊர்ச் சீட்டு உள்ள பெட்டி ஒன்றைக் காட்டுங்கள்” என்று கடிதம் எழுதுங்கள். காட்டுவதும் காட்டாததும் அவர்கள் மனசு. ஆனால் கேட்ட கடிதம் கோப்பில் நிற்கும்.

மற்றக் கேள்விகள்:

கட்டணம், விடுமுறை நாள்? மாறக்கூடியவை, கிளம்பும் முன் போன் போட்டுக் கேளுங்கள்.

ஒரே நாளில் திரும்பலாமா? நம் ஊர்களிலிருந்து வத்தலக்குண்டு, பழனி, உடுமலை என்று சுற்றும் பாதை. விடியுமுன் வண்டி ஏறினால் முடியும்.

தோட்டத்துப் பூச்சியைக் கொண்டுபோகலாமா? உயிரோடு வேண்டாம்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி போதாதா? அதுவும் இதே பல்கலைக்கழகத்துக் கல்லூரிதான். அரித்த இலையைக் காட்டிக் கேட்க அதுவே பக்கம்.