வாதம் வந்தவரின் மனசுக்கும் பயிற்சி வேண்டும்

பக்கவாதம் வந்தவரை நலம் விசாரிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “கை கால் அசையுதா?” என்றுதான். “ராத்திரி தூங்குறாரா? யார்கிட்டயாவது பேசுறாரா?” என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாடு பிடிக்காது, ஃபிசியோதெரபி பிடிக்காது. வீட்டார் அதைச் சோம்பல், பிடிவாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மசந்திராவில் 2000-ல் இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டி தொடங்கிய இதய மருத்துவமனை இன்று நாராயணா ஹெல்த் சிட்டி என்ற பெரிய வளாகம். அதே சாலையில் நகரை நோக்கிப் போனால் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் வருகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் மனசுக்கும் இப்படி ஒரே சாலையில் மருத்துவம் இருக்கிறது. ஆனால் மனச்சோர்வு பெரும்பாலும் தலைகாட்டுவது டிஸ்சார்ஜ் ஆன பிறகு, அத்திப்பள்ளியிலோ ஓசூரிலோ உள்ள வீட்டுக்குள்.

மாத்திரை மட்டும் போதாதா? பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தையோ மருந்தில்லாத வெற்று மாத்திரையையோ ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது. ஆனால் எலும்பு முறிவு கூடியது, அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் முன்னேற்றம் இல்லை. இதற்காக, டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்தோடு வேறு வழிகளும் தேவை என்பதுதான் விஷயம்.

அவற்றில் ஒன்று, பிரச்சினை தீர்க்கும் பயிற்சி. “என்னால் எதுவுமே முடியாது” என்பவரிடம் பயிற்சியாளர் ஒரே ஒரு சிக்கலைப் பிடித்துக்கொள்வார். தனியாகக் குளிக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஸ்டூல் போடலாமா, சுவரில் கைப்பிடி வைக்கலாமா, நேரத்தை மாற்றலாமா? வழிகளை நோயாளியே சொல்ல வேண்டும், ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்துபார்க்க வேண்டும். அடுத்த சந்திப்பில் அதைப் பற்றிப் பேசுவார்கள். அமெரிக்காவில் மனச்சோர்வு இல்லாத 176 பக்கவாத நோயாளிகளை ஓராண்டு கவனித்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு வந்தது. இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 12 சதவீதம். இடையில் விலகியவர்களையும் சேர்த்துக் கறாராகக் கணக்குப் போட்டபோது இந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பேச்சே போனவர்களுக்கு? பிரிட்டனில் 105 பேரிடம் நடந்த ஆய்வில், அவர்களுக்குப் பிடித்த சின்னச் சின்ன வேலைகளைப் படிப்படியாக மீட்டுக்கொடுத்தார்கள், மனநிலை மேம்பட்டது. ஹெல்சிங்கியில் பக்கவாதம் வந்த 60 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், தினமும் ஒரு மணி நேரமாவது தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டவர்களுக்கு இரண்டு மாதத்தில் ஞாபகசக்தி கூடியது, சோர்வும் குறைவாக இருந்தது. உடற்பயிற்சியும் மனசைத் தூக்கிவிடும். ஆனால் நிறுத்தினால் பலன் நிலைப்பதில்லை.

இதையெல்லாம் குடும்பத்தின் தலையில் கட்டிவிட முடியாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வில், வீட்டாருக்கே மறுவாழ்வுப் பயிற்சி தரக் கற்றுக்கொடுத்தார்கள். 2017-ல் வெளியான அதன் முடிவில், வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. பயிற்சி பெற்ற ஒரு செவிலியரோ உளவியலாளரோ வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது, ஃபிசியோதெரபியைப் போலவே சிகிச்சைத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நிம்ஹான்ஸ் வழிநடத்தும் டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் இரவும் பகலும் தமிழிலும் கன்னடத்திலும் இலவசமாகப் பேசலாம். “இருந்து என்ன பிரயோஜனம்” என்று நோயாளி சொல்லத் தொடங்கினால், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போய்விட வேண்டும்.